பனிச்சரிவிலிருந்து அலோனுக்கு

கப்பல் தட்டில் மூன்று நாளும் அந்தத் தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் படுத்தேன். பக்கத்தில் பாய் விரித்திருந்த ஒரியாக்காரர், உள்ளே அப்படி என்ன இருக்கிறது என்று இந்துஸ்தானியில் கேட்டார். ஒரு சமையல்காரரின் துணிமணி என்றேன். பொய்யில்லை. இரண்டு சட்டை, ஒரு கம்பளிக் குல்லாய், ஒரு பர்மாக் கைலி, மிளகாய்த் தூள் அடைத்த பழைய பிஸ்கோத்து டப்பா. இவற்றுக்கு நடுவில் துணி சுற்றிய மண்கலயம் ஒன்றும் இருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தட்டில் ஒருவரும் என் பக்கத்தில் படுத்திருக்கமாட்டார்கள்.

சமையல்காரர் பெயர் வேலாயுதம். ரங்கூன் அலோனில் பிறந்து வளர்ந்தவர். அங்கே அரிசி ஆலையில் இருந்த ஒரு துரையிடம் சமையலுக்குச் சேர்ந்து, துரை ராவல்பிண்டிக்கு வேலை மாறியபோது கூடவே வந்துவிட்டார். நான் அதே துரையிடம் ரைட்டர். கடிதம் எழுதுவது, இந்துஸ்தானியை இங்கிலீஷில் சொல்வது, இங்கிலீஷை இந்துஸ்தானியில் சொல்வது என் வேலை. பிண்டியில் நாங்கள் இருவரும்தான் ஒருவரோடு ஒருவர் தமிழ் பேசிக்கொண்டோம். மாசி மாதத்தில் காஷ்மீர் மலையில் பனி சரிந்து அவர் இறந்தார். கலயத்தையும் பெட்டியையும் வீட்டில் சேர்த்துவிட்டு வரும்படி துரை என்னை அனுப்பினார். அவர் அனுப்பாவிட்டாலும் நானே கிளம்பியிருப்பேன் என்று எழுத ஆசைதான். நிச்சயமாகத் தெரியவில்லை.

சித்திரைப் பிறப்புக்கு முந்தின நாள் ரங்கூனில் இறங்கினேன். எனக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். எங்கள் தெருவில் பாதிப் பேர் கப்பலேறி வந்த ஊர் இது. நான் ஒருவன்தான் வடக்கே போனவன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரும் தமிழ், வெற்றிலைக் கடைக்காரரும் தமிழ், வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டிய ஆளும் தமிழ். கடைசியாக ஊருக்குப் போய் ஏழு வருஷம் கழித்து இத்தனை தமிழ்க் குரலை ஒன்றாகக் கேட்கிறவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. கடைசியாக நான் கேட்ட தமிழ் வேலாயுதத்தினுடையது.

டிராமில் ஏறி அலோன் என்று சொன்னேன். நடத்துனர் ஏதோ பர்மியில் சொன்னார். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். அரைமணி நேரம் கழித்து வண்டி நின்ற இடம் ஊரின் கிழக்குக் கோடி. நான் போகவேண்டியது மேற்கே. இறங்கி நடந்தால் தெருவெல்லாம் தண்ணீர்த் திருவிழா. பர்மியர்களின் வருஷப் பிறப்பு அது. தலையில் பூ வைத்த பெண்கள் வெள்ளிக் கிண்ணத்தோடு வந்து, மரியாதையாகக் குனிந்து, தோளில் தண்ணீர் ஊற்றினார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு பாஷை தெரியவில்லை. பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு கிண்ணம் ஊற்றினார்கள். தண்ணீர் குளிர்ந்திருந்தது. முதுகில் இறங்கியபோது உடம்பு நடுங்கி, கால் ஓடத்தான் பார்த்தது.

ஒரு சாமான் கடை வாசலில் ஒதுங்கினேன். கடைக்காரர் நாகூர்க்காரர், முஸ்லிம். எந்த ஊர் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டின் பால் ஊற்றிய கெட்டித் தேநீரும், ரொட்டியும், எண்ணெய் விட்டு வேகவைத்த பட்டாணியும் வந்தன. பிண்டியில் ரொட்டியைத் தின்று தின்று அலுத்தவன்தான் நான். இங்கே அதையும் அள்ளி விழுங்கினேன். எந்த ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது என்று கேட்டார். வேலைக்கு வரவில்லை, ஒரு சாவுக்கு வந்திருக்கிறேன் என்றேன். ரிக்ஷாவைக் கூப்பிட்டு, இழுக்கிறவரிடம் தெலுங்கில் வழி சொல்லி அனுப்பினார்.

அலோனில் ஆற்றங்கரை முழுவதும் ஆலைகள், கிடங்குகள், படகுத்துறைகள். புகைபோக்கிகளிலிருந்து உமிச் சாம்பல் காற்றில் மிதந்து வந்து விழுந்துகொண்டே இருந்தது. சட்டையில் விழுந்ததைத் தட்டிவிட்டால் கரியாக இழுகிற்று. கூலி வரிசை வீடுகளில் நாலாவது வீடு வேலாயுதத்தின் அண்ணன் மாரியப்பனுடையது. ஆலைக் கிடங்கில் மேஸ்திரி. ஐம்பதை நெருங்குகிற வயது, அகலமான தோள். கலயத்தை வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியை மூடிக் கொடுத்தேன்; அதை அவர் திறக்காமல் மூலையில் வைத்தார். கலயத்தை இரண்டு கையாலும் வாங்கி, எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

துரை அடித்த தந்தியை ஆலைக் குமாஸ்தா படித்துத் தமிழில் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து ஒரு மாதமாக மேஸ்திரியின் மனதில் ஒரே கேள்வி.

“பனி விழுந்து செத்தான்னு படிச்சாங்க. பனின்னா என்ன, ரைட்டரே? மார்கழிப் பனிதானே எனக்குத் தெரியும். அது எப்படி ஆளைக் கொல்லும்?”

களைப்பாக இருக்கிறது என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஒரு சம்பான் படகு பிடித்து நடு ஆற்றுக்குப் போனோம். ரங்கூன் ஆறு கலங்கின தேநீர் நிறம். மேஸ்திரி சாம்பலைக் கரைத்துவிட்டுக் கலயத்தையும் தண்ணீருக்குள் விட்டார். வேலாயுதத்தின் மனைவி மா தின் கரையிலேயே நின்றாள். அவள் பர்மியப் பெண். வீட்டில் உட்கார்ந்து சுருட்டுச் சுருட்டுகிறவள். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். நானும் கூப்பினேன். நாளைக்குச் சாப்பிட வரவேண்டும் என்று தம்பி மனைவியின் சார்பில் மேஸ்திரி அழைத்தார்.

அங்கிருந்து நேரே ஆலைக்குப் போனார். பர்மியர்களுக்குத்தான் திருவிழா விடுமுறை. நம் ஆட்களுக்கு வேலை உண்டு. நானும் கூடப் போனேன். கிடங்குக் கதவுக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. கூரையைத் தொடும் உயரத்துக்கு நெல் குவிந்திருந்தது. அடியில் நாலைந்து பேர் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அள்ள அள்ள மேலிருந்து நெல் ஒரு தகடாகச் சரிந்து வந்து அந்த இடத்தை மூடியது. அதே சாய்வு. அதே சரசரப்பு.

“அண்ணே, நீங்க கேட்டது இதுதான்” என்றேன்.

அவர் என்னைக் கிடங்கின் பின்வாசல் படியில் உட்காரவைத்தார். அங்கே வைத்துத்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

காலில் நீளமான கட்டைகளைக் கட்டிக்கொண்டு பனிமேல் சறுக்கி இறங்குவது துரைமார்களின் குளிர்கால விளையாட்டு. எங்கள் துரைக்கு அதில் பைத்தியம். ஊரைத் தாண்டி, ஆள் அரவமில்லாத மேட்டில் ஒரு மரக்குடிசையில் நாங்கள் ஐந்து பேர் தங்கியிருந்தோம். துரை, அவருடைய நண்பர் ஒருவர், வேலாயுதம், நான், அந்த மலையிலேயே பிறந்து வேட்டையாடித் திரிந்த லதீப் என்ற காஷ்மீரிக் கிழவர்.

துரை கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிற ஆளில்லை. தினம் காலையில் பனியைச் சோதித்துவிட்டுத்தான் கட்டையைக் கட்டுவார். புதுப்பனி எத்தனை அங்குலம் என்று கோலால் அளப்பார். காற்று எந்தப் பக்கம், வெயில் எந்தச் சரிவில் முதலில் விழும், உஷ்ணமானி என்ன காட்டுகிறது எல்லாவற்றையும் நான் நோட்டில் எழுதவேண்டும். பிறகு லதீப் மார்பளவு குழி தோண்டுவார். குழியின் சுவரை ஒரு துடைப்பத்தால் நீவினால் பனி அடுக்கடுக்காகத் தெரியும். எந்த அடுக்கு கெட்டி, எது பொலபொல என்று விரலால் குத்திப் பார்ப்பார்கள். கடைசியில் துரை என் பக்கம் திரும்பி, லதீப் என்ன சொல்கிறார் என்று கேட்பார். நான் சொல்வதைக் கேட்டுத்தான் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

இரண்டு நாள் விடாமல் பனி கொட்டி, காற்றும் அடித்து ஓய்ந்தது. மூன்றாம் நாள் காலையில் தோண்டிய குழியில் மேலே ஒரு முழத்துக்குப் பனி பலகைபோல் இறுகியிருந்தது. அதற்கு அடியில் சீனி. சீனி என்றால் அப்படியே சீனி. கையில் பிடித்தால் ஒட்டவில்லை, விரல் சந்தில் ஒழுகியது. இன்று வேண்டாம் என்று லதீப் சொன்னார். நான் அப்படியே துரையிடம் சொன்னேன். துரை தங்கிவிட்டார். அன்று முழுக்க வெயில் அடித்தது. எதிர்ச் சரிவில் ஒரு துளிகூட நகரவில்லை. சாயங்காலம் நண்பர் கேலி பேசினார். துரைக்கு முகம் சிவந்தது. லதீப்பின் பேச்சோடு உன் பயத்தையும் சேர்த்து மொழிபெயர்க்கிறாய் என்று என்னைச் சொன்னார்.

நாலாம் நாள் மறுபடி குழி. அதே பலகை, அதே சீனி. லதீப் அன்று நீளமாகப் பேசினார். இந்தப் பனி தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, சீனிமேல் வைத்த பலகை, நேற்று விழாதது இன்று விழும், ஒரு ஆள் மிதித்தால் போதும், வெயில் ஏறினால் அதுகூட வேண்டாம், இன்னும் மூன்று நாளைக்கு அந்தச் சரிவில் யாரும் கால் வைக்கக்கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

வெயில் ஏறுமுன் கடந்துவிடுவது நல்லது என்கிறார் என்று நான் துரையிடம் சொன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். துரை சந்தோஷமாகக் கட்டைகளைக் கட்டினார். அவரும் நண்பரும் இடுப்பில் சிவப்புக் கயிற்றைக் கட்டிப் பின்னால் இழுபடவிட்டுக்கொண்டு போனார்கள். பனி மூடினாலும் கயிற்றின் ஏதாவது ஒரு பக்கம் மேலே தெரியும், அதைப் பிடித்து ஆளைத் தோண்டி எடுக்கலாம் என்பது கணக்கு. ஒருவர் பின் ஒருவராகச் சரிவைக் கடந்து அந்தப் பக்கத்து மேட்டில் ஏறினார்கள். ஒன்றும் ஆகவில்லை. தான் அவ்வளவு சொன்னதற்கு நான் எத்தனை வார்த்தை பேசினேன் என்பதை லதீப் கவனித்திருக்க வேண்டும். என்னோடு ஒரு பேச்சும் இல்லாமல் பால் வாங்கக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

பதினொரு மணிக்கு வேலாயுதம் அவர்களுக்குத் தேநீரும் சாப்பாட்டு அடுக்கும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மரங்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டு போனால் இரண்டு மணி நேரம். சரிவில் குறுக்கே போனால் அரைமணி. வைக்கோல் செருப்பை இறுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“கிழவர் காலையில என்னமோ நீளமா சொன்னாரே. குறுக்கால போலாமா, ரைட்டரே?”

“அவங்க போய்ட்டாங்களே. ஒண்ணும் ஆகல. போங்க” என்றேன்.

அவர் பாதிச் சரிவில் இருக்கும்போது, பெரிய மூட்டையைத் தரையில் போட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அவர் தலைக்கு மேலே உயரத்தில் ஒரு கோடு ஓடியது. பிறகு சரிவு முழுவதும், விரித்த வேட்டியை யாரோ கீழிருந்து இழுத்ததுபோல் நகர்ந்தது. அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஓடவில்லை. எங்கே ஓடுவது?

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், அவரைக் கடைசியாகப் பார்த்த இடத்தில் தோண்டினேன். விழுந்து நின்ற பனி சுண்ணாம்புக் காரைபோல் இறுகிவிட்டது. சத்தம் கேட்டு ஏறி வந்த லதீப் என்னைத் தோண்ட வேண்டாம் என்று தள்ளிவிட்டு, பனி ஓடிய வழியைக் கண்ணால் அளந்துகொண்டு கீழே நடந்தார். ஒரு வளைவில், மேடாகக் குவிந்த இடத்தில், நீளக் கழியால் குத்திக் குத்திப் பார்த்தார். நாலாவதோ ஐந்தாவதோ குத்தில் நின்றார். ஒரு முழம் தோண்டியதும் கை தெரிந்தது. அதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது.

நான் சொல்லி முடித்தபோது மேஸ்திரி படியில் இருந்த நெல்மணிகளை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். பிறகு கேட்க ஆரம்பித்தார். ஆலைச் சாமான் எப்படிப் பழுதானது என்று விசாரிப்பதுபோல் கேட்டார். சாய்வு எவ்வளவு இருக்கும், இந்த நெல் அளவா, இன்னும் செங்குத்தா என்றார். இந்த அளவுதான் என்றேன். அடியில் பொலபொலவென்று இருந்தது முதல் நாளே தெரியுமா என்றார். தெரியும் என்றேன்.

“நெல்லும் அப்படித்தான். ஆளு விழுந்த எடத்துல தோண்டப்படாது. கீழதான் கொண்டுபோய்ச் சேர்க்கும்” என்றார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கிடங்கில் ஒரு ஆளைக் கீழே தேடித்தான் எடுத்தார்களாம். அவரும் பிழைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கயிற்றைப் பற்றிக் கேட்டார். இரண்டு கயிறுதான் இருந்ததா?

“மூணு இருந்தது. ஒண்ணு குடிசையில ஆணியில தொங்கிக்கிட்டு இருந்தது” என்றேன்.

அவர் எழுந்துகொண்டார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கிடங்குக்குள் போய், குவியலின் அடியில் அள்ளிக்கொண்டிருந்தவர்களை விலகி வரச் சொன்னார். மேலேயிருந்து வெட்டிக்கொண்டு வரும்படி ஏணியைக் காட்டினார். அப்படிச் செய்தால் பொழுது போய்விடும் என்று ஒருவர் முனகியது கேட்டது. மேஸ்திரி தானே ஏணியை எடுத்துச் சாய்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. நான் தனியாக ஆற்றங்கரையோரம் நடந்து வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் மா தின் வீட்டில் சாப்பாடு. மூங்கில் தட்டிச் சுவர், கால்கள்மேல் நிற்கிற வீடு. ஒரு மூலையில் சுருட்டு இலைகள் அடுக்கியிருந்தன. காலையில் புத்த பிக்குகளான புங்கிகளை அழைத்து அன்னம் வைத்திருக்கிறாள். எங்களுக்குச் சோறு, மீன் குழம்பு, புளித்த கீரைச் சாறு, ஙப்பி என்கிற மீன் விழுது. ஙப்பியின் வாடையைப் பற்றி வேலாயுதம் பிண்டியில் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார். அது இல்லாமல் சாப்பிடுவது சாப்பாடே இல்லை என்பார். நான் முகம் சுளிப்பேன். அன்று சுளிக்கவில்லை. வாயில் எதுவும் ருசிக்கவுமில்லை.

மா தின்னுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். ஆனால் வேண்டியதைக் கேட்கிற அளவுக்குப் போதாது. பர்மியில் கேட்டாள், மேஸ்திரி தமிழில் சொன்னார். வலித்ததா என்று கேட்டாள். முகம் தூங்குவதுபோல் இருந்தது என்றேன். அது உண்மை. எரித்தீர்களா, யார் கொள்ளி வைத்தது என்று கேட்டாள். ஈர விறகு, மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது, நான்தான் வைத்தேன் என்றேன். அவள் குனிந்து என் பாதத்துக்கு அருகே தரையைத் தொட்டாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, மேஸ்திரியிடம் சொன்னதை எல்லாம் அவளிடமும் சொன்னேன். லதீப் சொன்னது, நான் துரையிடம் சொன்னது, வேலாயுதம் கேட்டது, நான் போங்க என்றது. ஒன்றையும் விடவில்லை. சொல்லிவிட்டு, அப்படியே சொல்லுங்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டேன்.

மேஸ்திரி அவள் பக்கம் திரும்பிப் பர்மியில் பேசினார். எனக்குப் பர்மி தெரியாது. ஆனால் பதினைந்து வருஷமாக ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் சேர்ப்பதே என் பிழைப்பு. நான் பேசியது வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம். அவர் பேசியது ஒரு மூச்சு.

மா தின் தலையை அசைத்துக்கொண்டே கேட்டாள். அவள் கண் நிறைந்தது. பிறகு கோபமாக எதையோ சொல்லிவிட்டு, எனக்குப் புரியவேண்டும் என்று தமிழில் சொன்னாள்.

“நீங்க போகாதே சொல்றது. அவர் கேக்கல. எனக்கும் கேக்கல. பிண்டி போகாதே, நான் சொன்னது. அவர் எப்பவும் கேக்கல.”

நான் வாயைத் திறந்தேன். மேஸ்திரியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. மூட்டை தூக்கிக் காய்ப்பேறின கை. அதை உதறியிருக்கலாம். நான் உதறவில்லை. அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்து, மீனில் முள்ளில்லாத துண்டாகப் பார்த்து எடுத்துப் போட்டாள். குழந்தை வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டேன்.

வெளியே வந்ததும், ஏன் இப்படிச் செய்தீர்கள், செத்தவர்மேல் பழியைப் போட்டுவிட்டீர்களே என்று கேட்டேன். அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“ஒரு வார்த்தையில தப்பிச்சிருப்பான்னு தெரிஞ்சா அவளால இருக்க முடியாது. பிடிவாதக்காரன்னு நெனச்சா, திட்டிக்கிட்டாவது இருந்துடுவா. உங்களுக்காகச் செய்யல.”

என்னை மன்னித்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாலாம் நாள் கப்பல். மேஸ்திரி வேலைக்குப் போகுமுன் துறைமுகம்வரை வந்தார். மா தின் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். வாழையிலை இன்னும் சூடாக இருந்தது. கப்பல் தட்டில் போகிறவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. வரிசை மெதுவாக நகர்ந்தது. என் முறை வரும் நேரத்தில், ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு கடிதம் போடுகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னதுதான்.

“போடாதீங்க, ரைட்டரே” என்றார். “கடுதாசி வந்தா என்னைத்தான் படிக்கச் சொல்லுவா. இன்னொரு தடவை மாத்திச் சொல்ல என்னால ஆவாது.”

சரி என்றேன். இன்றுவரை போடவில்லை.